எபிசோடு 41: க்ரூஸ் போச்சு, பேட்டரியும் போச்சு

இன்னைக்கு ஒரு பழைய காரைப் பத்திப் பேசப் போறேன். கார் ஓட்டாதவங்களும் கேட்கலாம். ஏன்னா இது கடைசியில காரைப் பத்தின கதையா, நான் எவ்வளவு பெரிய மடையன்ங்கிறதைப் பத்தின கதையான்னு எனக்கே இன்னும் தெளிவாகலை.

என்கிட்ட இருக்கிறது 2009 மாடல் செடான். பெட்ரோல், ஆட்டோமேட்டிக். அப்பா வாங்கின வண்டி. அவர் ரிட்டயர் ஆகி திருச்சிக்கே போய் செட்டில் ஆனதும் என் கைக்கு வந்தது. கம்பெனி பேரு சொல்லமாட்டேன். பதினஞ்சு வருஷம் ஓடின வண்டியில ஒரு பிளாஸ்டிக் நொறுங்கினா அதுக்குக் கம்பெனியைத் திட்டுறது நியாயமில்லை. அந்த வண்டியில க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கு. அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். அப்பா செங்கல்பட்டு தாண்டினதும் எண்பதுல செட் பண்ணிட்டு, வலது காலை அப்படியே தரையில நீட்டி வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிற எங்களைப் பார்த்து ஒரு லுக் விடுவார். ஏதோ பிளேன் ஓட்டுற மாதிரி.

எனக்கு அது ஷோ இல்லை, தேவை. காலேஜ்ல ஃபுட்பால் ஆடி வலது முட்டியில லிகமென்ட் போனவன் நான். சர்ஜரி ஆகி நடக்கிறேன், ஓடுறேன், பிரச்சனை இல்லை. ஆனா ஆக்சிலரேட்டர்ல ஒரே கோணத்துல ரெண்டு மணி நேரம் காலை வெச்சிருந்தா, இறங்கும்போது முட்டி மடங்காது. சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர் சொச்சம். மாசம் ஒரு தடவை போறேன். அதனால க்ரூஸ் வேலை செய்யலைன்னா எனக்கு நிஜமாவே வலிக்கும்.

முதல்ல என்ன ஆச்சுன்னா, க்ரூஸ் செட் ஆகும், ஆனா நிக்காது. பாலத்துல ஏறும்போது ரோடும் பாலமும் சேர்ற இடத்துல ஒரு தட்டு தட்டும் பாருங்க, அந்தத் தட்டுல 'டப்'னு கேன்சல் ஆகிடும். திரும்ப ரெஸ்யூம் அமுக்கினா வரும். அடுத்த பள்ளத்துல போயிடும். டேஷ்போர்டுல பச்சைக் கலர் க்ரூஸ் லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதாவது மெயின் ஸ்விட்ச் ஆன்ல இருக்கு, வேகத்தைப் பிடிச்சு வைக்கிற வேலை மட்டும் நடக்கலை.

அண்ணா நகர் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தாங்க, எர்ரர் கோடு எதுவும் இல்லை. "சார், ஸ்டியரிங்குள்ள க்ளாக் ஸ்பிரிங் தேஞ்சிருக்கும், குலுங்கும்போது கான்டாக்ட் விடுது, மாத்திடலாம்"னு சொன்னாங்க. க்ளாக் ஸ்பிரிங்னா பேரைப் பார்த்து ஸ்பிரிங்னு நினைக்காதீங்க. ஸ்டியரிங் சுத்தும், அதுல இருக்கிற ஹாரன், ஏர்பேக், க்ரூஸ் பட்டன் எல்லாத்துக்கும் வயர் போகணும். சாதா வயர் விட்டா நாலு திருப்பத்துல முறுக்கி அறுந்துடும். அதனால ஒரு மெல்லிய ரிப்பன் கேபிளைச் சுருளாச் சுத்தி ஒரு டப்பாக்குள்ள வெச்சிருப்பாங்க. ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அது சுருங்கும், விரியும். பழைய வண்டியில அது போறது சகஜம்தான். சந்தேகப்பட்டது தப்பில்லை.

ஆனா ஒரு விஷயத்தை அவங்களும் யோசிக்கலை, நானும் யோசிக்கலை. அதே டப்பா வழியாத்தான் ஹாரனும் ஏர்பேக்கும் போகுது. ஹாரன் அருமையா அடிக்குது. வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது ஏர்பேக் லைட் எரிஞ்சு, சில நொடியில ஒழுங்கா அணையுது. ரிப்பன்ல ஒரே ஒரு லைன் மட்டும் அறுந்திருக்கலாம், அதுவும் நடக்கும். ஆனா முதல் சந்தேகம் அங்க போயிருக்கக் கூடாது. புதுசு பதினாறாயிரம் சொன்னாங்க. புதுப்பேட்டை போய் பழசு ஒண்ணு மூவாயிரத்துக்கு வாங்கிட்டு வந்து, கூலி ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து மாட்டினேன். வீட்டுக்கு வர்ற வழியில கிண்டி பாலம். ஏறும்போது தட்டுச்சு. கேன்சல்.

ஒரு நிமிஷம், இங்க ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்து நீங்களே ஸ்டியரிங்கைக் கழட்டாதீங்க. அதுக்குள்ள இருக்கிற ஏர்பேக் ஒரு சின்ன வெடி. பேட்டரியைக் கழட்டி, சில நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான் கைவைக்கணும். மஞ்சள் கலர் கனெக்டர்ல மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மத்த எதையும் நீங்க தோண்டலாம், அதை மட்டும் வேலை தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க.

சரி, வண்டி கதைக்கு முன்னாடி க்ரூஸ் கன்ட்ரோல் எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ரால்ஃப் டீட்டர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர். அஞ்சு வயசுல ஒரு விபத்துல கண் பார்வை போயிடுச்சு. பிஸ்டன் ரிங் தயாரிக்கிற கம்பெனிக்குத் தலைவர் ஆனவர். அவரோட வக்கீல் அவரைக் கார்ல கூட்டிட்டுப் போவாராம். பேசும்போது வேகம் குறையும், கேட்கும்போது கூடும், வண்டி இழுத்து இழுத்துப் போகும். பின்னால உட்கார்ந்தவனுக்கு வாந்தி வர்ற அந்த ஓட்டுதல் நமக்கும் தெரியும்தானே. அந்த எரிச்சல்லதான் வேகத்தைப் பிடிச்சு வைக்கிற கருவியை யோசிச்சார்னு சொல்வாங்க. 1950-ல் காப்புரிமை கிடைச்சது, 1958-ல் கிரைஸ்லர் வண்டிகள்ல வந்தது. கார் ஓட்டவே முடியாத ஒருத்தர் பண்ணினது, இன்னைக்கு உலகம் பூரா டிரைவர் காலுக்கு ஓய்வு கொடுக்குது.

இப்போ அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம். ரொம்பப் பழைய வண்டிகள்ல, எண்பது தொண்ணூறுகளோட வண்டிகள்ல, இன்ஜின் உறிஞ்சுற காத்தை வெச்சு ஒரு ரப்பர் டயாஃப்ரம் இழுக்கும், அது ஒரு கேபிளை இழுக்கும், கேபிள் த்ராட்டிலைத் திறக்கும். உங்க காலுக்குப் பதிலா ஒரு ரப்பர் பை. அந்த மாதிரி வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கா, கேபிள் கழன்டிருக்கான்னுதான். என் வண்டி மாதிரி கொஞ்சம் பிந்தினதுல த்ராட்டிலே எலக்ட்ரானிக். ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கம்பியே கிடையாது, கம்ப்யூட்டர்தான். அதனால க்ரூஸுக்குன்னு தனி மெஷின் பெருசா இல்லை. வேகம் என்னன்னு ஒரு சென்சார் சொல்லுது, பட்டன் என்ன அமுக்கினாங்கன்னு ஒரு வயர் சொல்லுது, கம்ப்யூட்டர் த்ராட்டிலைத் திறந்து மூடுது. அவ்வளவுதான்.

ஆனா ஒரு மெஷின் தானா ஆக்சிலரேட்டர் கொடுக்குதுன்னா, அதை நிறுத்துற வழி எத்தனை இருக்கணும்? அதனால க்ரூஸை டிசைன் பண்றவங்க 'எப்போ வேலை செய்யணும்'னு யோசிக்கிறதை விட 'எப்போ செய்யக்கூடாது'ன்னுதான் அதிகம் யோசிக்கிறாங்க. பிரேக் தொட்டா கட். மேனுவல் வண்டியில க்ளட்ச் தொட்டா கட். நியூட்ரல் போனா கட். நிறைய வண்டிகள்ல செக் இன்ஜின் லைட் எரிஞ்சா க்ரூஸ் வரவே வராது. வேகம் சுமார் நாற்பதுக்குக் கீழே இருந்தாலும் செட் ஆகாது. என் ஃபிரெண்டு ஒருத்தன் பழைய கார் வாங்கி, சர்வீஸ் ரோட்ல முப்பதுல போய்க்கிட்டே செட் பட்டனை அமுக்கி அமுக்கி, "மச்சான், ஏமாத்திட்டாங்கடா"ன்னு எனக்கு போன் பண்ணினான்.

அப்போ க்ரூஸ் வேலை செய்யலைன்னா பெரும்பாலும் க்ரூஸ் கெட்டுப் போகலை. யாரோ ஒருத்தன் 'வேண்டாம்'னு சொல்லிக்கிட்டிருக்கான். யாருன்னு கண்டுபிடிக்கணும். நான் இதைப் புரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவு பண்ணியாச்சு.

நியூ ஜெர்சியில இருக்கிற சித்தப்பா கதை இதுக்கு நல்ல உதாரணம். தொண்ணூறுகளோட வண்டி ஒண்ணை இன்னும் வெச்சிருக்கார். பின்னாடி பிரேக் பல்பு பியூஸ் ஆச்சுன்னு, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு எல்.இ.டி. போட்டார். அன்னையிலிருந்து க்ரூஸ் இல்லை. எவ்வளவு தேடினாலும் கிடைக்கலை. காரணம் அந்த எல்.இ.டி.தான். அந்தக் கால வண்டிகள் சிலதுல க்ரூஸ் மாட்யூல், பிரேக் பல்போட டங்ஸ்டன் கம்பி வழியா எர்த் கிடைக்குதான்னு பார்த்துக்கும். கிடைச்சா, பல்பு ஒழுங்கா இருக்கு, பிரேக் அமுக்கலைன்னு அர்த்தம். எல்.இ.டி. அந்த வழியைக் கொடுக்காது. மாட்யூலுக்கு அது புரியலை, அதனால வேண்டாம்னு நின்னுடுச்சு. பழைய பல்பைத் திரும்பப் போட்டார், க்ரூஸ் வந்துடுச்சு.

இதை அவர் சொல்லும்போது நான் சிரிச்சேன். பிரேக் லைட்டுக்கும் க்ரூஸுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்பவே எனக்குத் தெரியும். இருந்தும் என் வண்டியைப் போய்ப் பார்க்கலை. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தங்கச்சியை ஏத்திக்கிட்டு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரம் தாண்டவே ஒன்பதாச்சு, அது வேற கதை. அன்னைக்கு க்ரூஸ் சுத்தமா செட் ஆகலை. முன்னாடி பாலத்துல மட்டும் போகும், இப்போ வரவே இல்லை. பச்சை லைட் எரியுது, செட் அமுக்கினா அசையலை. வேற ஒரு விஷயமும் கவனிச்சேன். பெட்ரோல் பங்குல கியரை பார்க்லிருந்து எடுக்கும்போது பிரேக்ல கால் வைக்க மறந்துட்டேன். லீவர் சும்மா வெண்ணெய் மாதிரி வந்துடுச்சு. ஆட்டோமேட்டிக் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், பிரேக் மிதிக்காம பார்க்லிருந்து வெளியே வராது, பூட்டு இருக்கும். எனக்குத் தோணினது என்ன தெரியுமா? "பரவாயில்லையே, கியர் ஃப்ரீ ஆயிடுச்சே."

திண்டிவனம் தாண்டி ஒரு லாரி பின்னாடியே ஹை பீம் அடிச்சுக்கிட்டு வருது. விடாம அடிக்குது. ஓவர்டேக் பண்ணணும் போலன்னு ஒதுங்கி வழி விட்டேன். லாரி பக்கத்துல வந்தது. க்ளீனர் பையன் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான். காத்துல "காலை எடுய்யா"ன்னு மட்டும் கேட்டது. தங்கச்சி, "அண்ணா, அவன் உன்னைத்தான் திட்டுறான்"னா. நான், "ரோட்ல எல்லாரும் எல்லாரையும் திட்டத்தான் செய்வாங்க, தூங்கு"ன்னேன்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னாடி, மீடியன் கேப்ல ஒரு டிராக்டர். டிரெய்லர்ல கரும்பு. பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர்கூட இல்லை. குறுக்கே பாதி தூரம் வந்து நிக்குது. என் ஹெட்லைட்டுக்குள்ள அது வந்ததும் பிரேக்கை முழுசா மிதிச்சேன். வண்டி நின்னது. எனக்கும் டிராக்டருக்கும் நடுவுல நல்ல இடம் இருந்தது, அதுல பிரச்சனை இல்லை. பிரச்சனை பின்னாடி. ஒரு ஆம்னி பஸ். அவன் டயர் கிறீச்சிடுற சத்தம் கேட்டது, கண்ணாடியில வெறும் வெளிச்சம். கடைசி நொடியில இடது பக்கம் திருப்பி, மண்ணுல ரெண்டு டயரை இறக்கி, எங்க கண்ணாடியை உரசுற தூரத்துல தாண்டிப் போய் நின்னான். டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். திட்டுவார்னு நினைச்சேன். என்னைப் பார்க்காம பின்னாடி சீட்ல இருந்த தங்கச்சியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கை நடுங்க, "நீ பிரேக் போட்டதே தெரியலப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்கு அவர் மேலதான் கோபம் வந்தது. இடைவெளி விட்டு ஓட்டத் தெரியலைன்னு திருச்சி வரைக்கும் புலம்பிக்கிட்டே போனேன்.

ராத்திரி ஒரு மணிக்கு வீடு. போர்ட்டிகோவுல ரிவர்ஸ் எடுத்து, டிக்கி சுவத்தைப் பார்த்த மாதிரி விட்டுட்டு உள்ளே போய் விழுந்தாச்சு. காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலை. 'டிக் டிக்'னு ஒரு சத்தம் மட்டும். பேட்டரிக்கு மூணு வயசு, சரி, போயிடுச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம். கடைக்காரர் வந்து புது பேட்டரி மாட்டினார், ஐயாயிரத்து எண்ணூறு. அன்னைக்கு ராத்திரி தெருவுல வண்டியை நிறுத்தினேன். மறுநாள் விடியக்காலை அஞ்சரைக்கு பால் போடுற பையன் காலிங் பெல் அடிச்சான்.

"அண்ணா, கார் பின்னாடி லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குண்ணா. மங்கலா எரியுது."

வாசலுக்குப் போனேன். சாவி என் கையில. வண்டி பூட்டியிருக்கு. உள்ளே யாரும் இல்லை. பின்னாடி மூணு பிரேக் லைட்டும் செத்துப்போற மாதிரி சிவப்பா எரிஞ்சுக்கிட்டிருக்கு.

அந்த இடத்துலயே நின்னுக்கிட்டு எல்லாம் ஒண்ணொண்ணா வந்து விழுந்தது. லாரி பையன் கத்தினது, "பிரேக்ல இருந்து காலை எடுய்யா." பஸ் டிரைவருக்கு என் வண்டி முழு நேரமும் பிரேக் போட்ட மாதிரியே தெரிஞ்சிருக்கு. எப்பவும் சிவப்பு. நான் நிஜமா பிரேக் போட்டபோது அவருக்கு எந்த மாற்றமும் தெரிஞ்சிருக்காது. கியர் லீவர் பூட்டு, பிரேக் மிதிச்சாச்சுன்னு நினைச்சு விட்டுடுச்சு. ரெண்டு பின் பல்பு, ஒண்ணு 21 வாட், நடுவுல உயரத்துல இன்னொண்ணு. நாலு ஆம்பியர் பக்கம் இழுக்கும். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு ராத்திரி தாங்குறதே பெருசு. பழைய பேட்டரி செத்தது வயசாலயும் இல்லை. க்ரூஸும் அதனாலதான். கம்ப்யூட்டருக்கு நான் சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருக்கேன். மிதிக்கிறவனுக்கு எப்படி க்ரூஸ் கொடுக்கும்? எர்ரர் கோடு ஏன் வரலைன்னா, டிரைவர் பிரேக் மிதிக்கிறது ஒரு பழுதே இல்லையே.

அப்பா வாசலுக்கு வந்தார். பார்த்தார். "கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வரமாட்டியா நீ?" அவர் எப்பவும் வருவார். டயரைத் தட்டிப் பார்ப்பார், பின்னாடி போய் நிப்பார். சின்ன வயசுல நாங்க அதை நடிச்சுக் காட்டிச் சிரிப்போம்.

முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டினேன். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர், எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க, பத்து மணிக்கு வந்தார். அவர் ஸ்கேனரையே எடுக்கலை. ஒயரை மாட்டச் சொல்லிட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாக்கப் படுத்தார். மேலே கையை விட்டு எதையோ அமுக்கினார். "தம்பி, பின்னாடி பாருங்க, அணைஞ்சுதா?" அணைஞ்சது. விட்டார். எரிஞ்சது. அமுக்கினார். அணைஞ்சது. வெளியே வந்து மிதியடியில இருந்து நொறுங்கிப்போன பிஸ்கட் மாதிரி நாலு துண்டு பிளாஸ்டிக் பொறுக்கி என் கையில வெச்சார்.

இதை எப்படி விளக்குறதுன்னா, ஃப்ரிட்ஜ் கதவை நினைச்சுக்கோங்க. கதவு மூடியிருந்தா அது ஒரு பட்டனை அமுக்கி வெச்சிருக்கும், உள்ளே லைட் அணைஞ்சிருக்கும். திறந்தா பட்டன் வெளியே வரும், லைட் எரியும். பிரேக் பெடலும் அதேதான். கால் வைக்காதபோது பெடல் மேலே வந்து ஸ்விட்ச்சோட முனையை அமுக்கி வெச்சிருக்கு. மிதிச்சா பெடல் விலகும், முனை வெளியே வரும், லைட் எரியும். அந்த முனை இரும்புல நேரா இடிக்கக் கூடாதுன்னு, பெடல் தகட்டுல ஒரு ஓட்டை போட்டு அதுல ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழைச் சொருகியிருப்பாங்க. சட்டை பட்டன் அளவுதான். பதினஞ்சு வருஷ வெயில்ல அது காய்ஞ்சு நொறுங்கிடுச்சு. குமிழ் போனா மிச்சம் இருக்கிறது ஓட்டை. ஸ்விட்ச் முனை நேரா ஓட்டைக்குள்ள போயிடுது. ஃப்ரிட்ஜ் கதவுல பட்டன் இருக்கிற இடத்துல சரியா ஒரு ஓட்டை விழுந்த மாதிரி. கதவு மூடியிருந்தாலும் லைட் எரியும்.

முதல் ரெண்டு மாசம் குமிழ் விரிசல் மட்டும் விட்டிருந்தது. அதனாலதான் பாலத்துல தட்டும்போது முனை ஒரு கணம் ஆடி, க்ரூஸ் போச்சு. அப்போவே பின்னாடி பிரேக் லைட்டும் ஒரு மின்னு மின்னியிருக்கும். பின்னாடி யாராவது நின்னு பார்த்திருந்தா, க்ளாக் ஸ்பிரிங்கை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம்.

பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து குமிழ் வாங்கிட்டு வந்தார். நாற்பது ரூபாய். கடையில கிடைக்கலைன்னா நட்டு போல்ட்டு போட்டு ஓட்டையை அடைச்சு ஊருக்கு அனுப்பிடலாம்னும் சொன்னார், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்களாம். மாட்டினதுக்கு அப்புறம் அவர் பண்ணின ஒரு வேலையைச் சொல்லணும். பெடலைக் கையால மெதுவா அமுக்கி, கொஞ்சம் சும்மா ஆடுதான்னு பார்த்தார். ஸ்விட்ச்சை ரொம்ப உள்ளே தள்ளி மாட்டிட்டா அது பெடலைக் கொஞ்சம் மிதிச்ச மாதிரியே பிடிச்சு வெச்சுக்கும், பிரேக் உரசிக்கிட்டே ஓடும், சூடாகும். வீட்ல பண்றவங்க இங்கதான் கோட்டை விடுவாங்க. கூலி இருநூறு கேட்டார். நான் ஐந்நூறு கொடுத்தேன், மூணு நூறைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

உங்க வண்டியில க்ரூஸ் வரலைன்னா, ஸ்டியரிங் பக்கம் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. ராத்திரி ஒரு சுவத்துப் பக்கம் டிக்கியை வெச்சு நிறுத்துங்க. பிரேக் மிதிக்காம, சுவத்துல சிவப்பு தெரியுதான்னு பாருங்க. மிதிச்சா தெரியணும், விட்டா போகணும். ஆள் துணைகூட வேண்டாம். ரெண்டும் சரியா இருந்தாலும் ஸ்விட்ச்சை உடனே மன்னிச்சுடாதீங்க. அந்த ஸ்விட்ச்சுக்குள்ள பெரும்பாலும் ரெண்டு கான்டாக்ட் இருக்கும், ஒண்ணு லைட்டுக்கு, இன்னொண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு திறந்தா ஒண்ணு மூடும். ரெண்டும் முரண்பட்டா கம்ப்யூட்டர் நம்பாது. இதைப் பார்க்க ஸ்கேனர்ல லைவ் டேட்டா வேணும். நான் எழுநூறு ரூபாய்க்கு ப்ளூடூத் டாங்கிள் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், அதுல பொதுவான விஷயம்தான் வரும். பிரேக் ஸ்விட்ச் நிலை மாதிரியானது அந்தந்தக் கம்பெனி டேட்டாவைப் படிக்கிற ஸ்கேனர்லதான் தெரியும். பல்பு, ஃப்யூஸ் பாருங்க. செக் இன்ஜின் லைட்டோ ஏ.பி.எஸ். லைட்டோ எரிஞ்சா அதை முதல்ல முடிங்க. மேனுவல்னா க்ளட்ச் பெடல்லயும் இதே மாதிரி ஸ்விட்ச்சும் குமிழும் இருக்கும், அதுவும் இதே மாதிரி நொறுங்கும். இதெல்லாம் தாண்டினதுக்கு அப்புறம் பட்டன், க்ளாக் ஸ்பிரிங்.

இந்த ஸ்விட்ச் எவ்வளவு சீரியஸான சாமான்னு இன்னொரு விஷயம். ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவில க்ரூஸை கட் பண்றதுக்காக ஹைட்ராலிக் பிரேக் லைன்ல ஒரு பிரஷர் ஸ்விட்ச் வெச்சிருந்தது. அதுக்கு எப்பவும் கரன்ட் போய்க்கிட்டே இருக்கும், சாவி எடுத்தாலும். உள்ளே இருந்த மெல்லிய தடுப்பு தேஞ்சு பிரேக் ஆயில் கசிஞ்சு, நிறுத்தி வெச்சிருந்த வண்டிகள் தானா தீப்பிடிச்சது. 1999-ல் ஆரம்பிச்சு பல தவணையா திரும்பக் கூப்பிட்டாங்க. 2009-ல் மட்டும் 45 லட்சம் வண்டி, மொத்தம் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல. யாரும் க்ரூஸ் போடலை, வண்டி ஓடக்கூட இல்லை. வீட்டு கராஜ்ல தூங்கிக்கிட்டிருந்தது.

நம்ம ஊர்ல க்ரூஸ் போடலாமான்னு நிறையப் பேர் கேட்கிறீங்க. என் கணக்கு இதுதான்: காலை வேளை, நாலு வழிச்சாலை, முன்னாடி காலியா இருக்கணும், விழுப்புரம் தாண்டியிருக்கணும். மழைன்னா தொடவே மாட்டேன், தண்ணியில டயர் வழுக்கும்போது மெஷின் ஆக்சிலரேட்டர் கொடுக்கிறது எனக்கு வேண்டாம். ராத்திரி முன்னாடி போடுவேன், இப்போ போடுறதில்லை. கால் பிரேக் மேலேயே இருக்கு, முட்டி வலிச்சாலும்.

ஞாயித்துக்கிழமை சென்னைக்குக் கிளம்பும்போது வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தேன். அப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தார், ஒண்ணும் சொல்லலை. தங்கச்சி பின்னாடி நின்னுக்கிட்டு, "எரியுது... அணைஞ்சது... எரியுது..."ன்னு கத்தினா. பெரம்பலூர் தாண்டினதும் எண்பதுல செட் அமுக்கினேன். பிடிச்சுக்கிச்சு. அடுத்த பாலத்துல தட்டுச்சு. போகலை. தங்கச்சி கைதட்டினா.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. டிராக்டர், பஸ் சமாச்சாரத்தை நாங்க ரெண்டு பேரும் வீட்ல இன்னும் சொல்லலை. அப்பா இந்த எபிசோடு கேட்பாரான்னு தெரியலை. கேட்டா, அப்பா, இன்னைக்கு ராத்திரி போன் பண்றேன்.